கப்பி குட்டி போட்டால் யார் பொறுப்பு?

மீன் தொட்டி விஷயத்தில் நம் வீடுகளில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. ஆசைப்படுவது பிள்ளைகள். முணுமுணுத்துக்கொண்டே காசு கொடுப்பது அப்பா. ஆறு மாதம் கழித்துத் தண்ணீர் மாற்றுவது அம்மா.

சென்னை வில்லிவாக்கத்தில் முதல் மாடியில் இருக்கும் அந்த வீட்டிலும் இதேதான் நடந்தது. கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த மகன், 2022 நவம்பரில் பக்கத்திலிருக்கும் கொளத்தூருக்குப் போய் இரண்டடி கண்ணாடித் தொட்டியும் பத்து மீன்களும் வாங்கி வந்தான். வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன இடம் கொளத்தூர். அங்கே ஒரு டீயும் வடையும் சாப்பிடும் காசுக்கு ஒரு ஜோடி கப்பி கிடைக்கும். 2023 ஜூனில் மகனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. பெட்டி, படுக்கை, லேப்டாப் எல்லாம் போயின. தொட்டி மட்டும் ஹாலில் டி.வி.க்குப் பக்கத்திலேயே நின்றது.

“தினம் ரெண்டு சிட்டிகை தீனி போடும்மா. வாரம் ஒரு தடவை கால்வாசித் தண்ணி மாத்திடு. அவ்ளோதான்” என்று சொல்லிவிட்டுப் போனான் மகன். அந்த ‘அவ்ளோதான்’ எவ்வளவு பெரியது என்பது அடுத்த ஒரு வருடத்தில்தான் அந்த அம்மாவுக்குத் தெரிந்தது.

பத்துப் பேர் கொண்ட குடும்பம்

தொட்டியில் இருந்தவை கப்பி ஐந்து, சிவப்பு பிளாட்டி மூன்று, கறுப்பு மோலி இரண்டு. மீன் வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்குக் கடைக்காரர்கள் முதலில் எடுத்துக் கொடுப்பது இவற்றைத்தான். ஒன்றோடு ஒன்று சண்டை போடாது, விலை மலிவு, நிறமோ கண்ணைப் பறிக்கும். வாலில் வாள் போல் ஒரு நீட்சி கொண்ட ஸ்வார்டு டெயிலும் இதே குடும்பம்தான். அது துள்ளி வெளியே விழுந்துவிடும் என்பதால் தொட்டிக்கு மூடி வேண்டும்.

இந்த நான்குக்கும் பொதுவான குணம், முட்டையிட்டுவிட்டுப் போகாமல் குட்டி போடுவது. முட்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்து, குஞ்சு நீந்தத் தெரிந்த நிலையிலேயே வெளியே வருகிறது. மீன் வளர்ப்பவர்கள் பேச்சில் இவை எப்போதும் ‘குட்டி போடும் மீன்கள்’தான்.

எல்லாமே கடல் கடந்து வந்தவை. பிளாட்டிக்கும் ஸ்வார்டு டெயிலுக்கும் சொந்த ஊர் மெக்சிகோவும் அதை ஒட்டிய மத்திய அமெரிக்க நாடுகளும். கப்பிக்குத் தென் அமெரிக்காவின் வடக்கு ஓரமும் டிரினிடாட் தீவும். அந்தப் பெயருக்கும் ஒரு கதை உண்டு. டிரினிடாடில் வாழ்ந்த ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்பவர் இந்த மீனை லண்டனில் உள்ள பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பினார். 1866-ல் அங்கிருந்த விஞ்ஞானி ஆல்பர்ட் குந்தர், அனுப்பியவரின் பெயரையே மீனுக்கு வைத்தார். ஆனால், 1859-லேயே வெனிசுலாவில் கிடைத்த இதே மீனுக்கு ஜெர்மானிய விஞ்ஞானி ஒருவர் வேறு பெயர் வைத்துவிட்டிருந்தார். அதனால் அறிவியல் புத்தகங்களில் கப்பியின் பெயர் நிலைக்கவில்லை. கடைத்தெருவில் நிலைத்துவிட்டது!

“டேய், உன் மீன் குட்டி போட்டிருக்குடா!”

மகன் போன அடுத்த மாதம் ஒரு காலை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவரின் கண்ணில், ஃபில்டருக்குப் பின்னால் சீரகம் அளவுக்கு ஏதோ அசைவது தெரிந்தது. உற்றுப் பார்த்தால் இரண்டு கறுப்புக் கண்கள். உடனே பெங்களூருக்கு போன் பறந்தது.

“டேய், உன் மீன் குட்டி போட்டிருக்குடா!”

“அது மாசா மாசம் போடும்மா. அதுங்களே சாப்பிட்டுடும். நீ ஒண்ணும் பண்ண வேணாம்.”

மகன் சாதாரணமாகச் சொல்லிவிட்டான். அம்மாவுக்கு அன்று காலைச் சாப்பாடு இறங்கவில்லை. பெற்ற தாயே குட்டியைத் தின்னுமா?

தின்னும். அதில் கொடூரம் எதுவும் இல்லை. இந்த மீன்களுக்குத் தன் குட்டி, பிறர் குட்டி என்ற பேதம் தெரியாது. வாயில் அடங்குகிற அளவில், கண்ணெதிரே அசைவது எதுவானாலும் அது தீனி. இயற்கையான ஓடையில், பிறந்த குட்டி நொடியில் புல்லுக்குள் புகுந்துகொள்ளும். பிளாஸ்டிக் செடி இரண்டு மட்டும் நிற்கிற கண்ணாடித் தொட்டியில் எங்கே போய் ஒளியும்? மகன் வீட்டில் இருந்த மாதங்களில் எத்தனையோ பிரசவங்கள் நடந்திருக்கும். விடிவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருக்கும்.

அன்று மாலையே அவர் கொளத்தூருக்கு ஷேர் ஆட்டோ ஏறினார். ‘ப்ரீடிங் பாக்ஸ்’ என்று சின்ன பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கடைக்காரர் காட்டினார். சினை மீனை அதில் விட்டால், குட்டிகள் சல்லடை வழியாகக் கீழே விழுந்து தப்பிக்கும். “ஆனா உள்ள போட்டா சில மீன் மிரண்டுடும்மா. அதுக்குச் செடி போடுங்க, செடிதான் நல்லது” என்று அவரே சொன்னார். முப்பது ரூபாய்க்கு நீர்ப்பாசி போன்ற பச்சைக் கட்டு ஒன்று வீட்டுக்கு வந்தது.

அதற்குப் பிறகு அந்த அம்மா கவனிக்கத் தொடங்கினார். பெண் கப்பியின் வயிற்றுக்குக் கீழே, வாலை நோக்கி ஒரு கறுப்புத் திட்டு இருக்கும். நாள் நெருங்க நெருங்க அது கறுத்துப் பெரிதாகும். வயிறு உருண்டையாக இருந்தது பெட்டி போலச் சதுரமாகும். மீன் கூட்டத்தை விட்டு விலகி ஒரு மூலையில் நிற்கும். ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒரு முறை இது நடந்தது. ஒரு பிரசவத்தில் இருபது, முப்பது, சில சமயம் அதற்கு மேலும் குட்டிகள். ‘வீட்டுல இப்ப மூணு பேருக்கு மாசம்’ என்று கணவரிடம் அவர் சொல்ல, அவர் பேப்பரிலிருந்து நிமிர்ந்து பார்ப்பார்.

உறை மோர் தெரிந்தவருக்குத் தொட்டி தெரியும்

மீன் வளர்ப்புப் புத்தகம் எதையும் அவர் படித்ததில்லை. ஆனால், தொட்டிக்குத் தேவையான பாதி அறிவு சமையலறையிலேயே அவரிடம் இருந்தது.

மீன் வெளியேற்றும் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து அமோனியா உருவாகிறது. அது மீனுக்கு விஷம். தொட்டிக்குள் தானாக வளரும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும். அதன் தீங்கு குறைவு. வாராவாரம் தண்ணீர் மாற்றும்போது வெளியேறிவிடும். இந்த பாக்டீரியாக்கள் பெருகிக் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் வரை ஆகும். புதுத் தொட்டி வாங்கிய அன்றே மீன்களை நிறைத்து, பத்தாம் நாள் எல்லாம் மிதக்கிறதே என்று கலங்குபவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

பாக்டீரியா அதிகம் குடியிருப்பது ஃபில்டரின் ஸ்பாஞ்சில். ‘பளிச்சென்று இருக்கட்டும்’ என்று அதைக் குழாய்த் தண்ணீரில் கசக்கிப் பிழிந்தால், குளோரின் பட்டுப் பெரும்பகுதி செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே லேசாக அலசி வைக்க வேண்டும். மகன் இதை போனில் கால் மணி நேரம் விளக்கினான். அம்மா ஒரே வரியில் முடித்தார்: “உறை மோரைக் கழுவி ஊத்தக் கூடாதுங்கறே. அதானே?”

தண்ணீர் விஷயத்திலும் அப்படியே. தொட்டியில் போட கேன் தண்ணீர் வாங்கலாமே என்று உறவுக்காரப் பெண் ஒருவர் யோசனை சொன்னார். கேட்பதற்கு அக்கறையாகத்தான் இருக்கிறது. ஆனால், ஆர்.ஓ. செய்த தண்ணீரில் தாது உப்புகள் வடிந்துவிடுகின்றன. குட்டி போடும் மீன்களுக்குக் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். மோலிக்கு இன்னும் அதிகமாகவே பிடிக்கும். வாளியில் வெள்ளைப் படலம் கட்டும் போர் தண்ணீரை, பருப்பு வேகாது என்று வருடக்கணக்கில் திட்டிக்கொண்டிருந்த அவருக்கு அது ஆச்சரியம். “நமக்கு ஆகாத தண்ணி, அதுக்குத் தேனா இருக்கு!”

போர் தண்ணீரோடு மெட்ரோ தண்ணீரும் கலந்து வரும் நாட்களில் வாளியில் பிடித்து ஒரு நாள் முழுக்க வைத்திருந்து குளோரின் போன பிறகு ஊற்றினார். ஆன்டி குளோரின் சொட்டும் கைவசம் வைத்துக்கொண்டார். தீனியை இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுக்கு மட்டும் போட்டார். கோயில் குளத்து ஞாபகத்தில் பொரியோடு வந்த விருந்தாளிகளைச் சிரித்துக்கொண்டே தடுத்தார். யாரோ ஆசையாகக் கொடுக்க வந்த ஃபைட்டர் மீனையும் வேண்டாம் என்றார். கப்பியின் விசிறி வாலைப் பார்த்தால் அது கடித்துக் குதறிவிடும் என்று மகன் எச்சரித்திருந்தான். ஏஞ்சல் மீனும் கூடாது, அதற்குக் குட்டிகள் எல்லாம் பலகாரம். தங்க மீனும் கூடாது, அது பெரிதாக வளரும், கழிவும் அதிகம்.

எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தார். அதுதான் சிக்கலானது.

வந்தது பத்து, இருந்தது நூற்றிருபது

ஒளிய இடம், சுத்தமான தண்ணீர், அளவான தீனி. மூன்றும் கிடைத்ததும் குட்டிகள் பிழைத்தன. பிழைத்தவை இரண்டு மூன்று மாதத்தில் பருவத்துக்கு வந்தன. அவையும் குட்டி போட்டன. 2023 நவம்பர் கடைசியில் அவர் எண்ணிப் பார்த்தபோது, நூற்றிருபதுக்கு மேல் எண்ண முடியவில்லை.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால், இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் தண்ணீர் ஐம்பது லிட்டர்தான் பிடிக்கும். ஏர் பம்ப் ஓடும் வரைக்கும் அத்தனை உயிர்களும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை சென்னையை மூழ்கடித்தது. நான்காம் தேதி காலை மின்சாரம் போனது. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். மூன்று நாட்களுக்குக் கரன்ட் இல்லை, முதல் நாள் மாலைக்குள் செல்போனும் அணைந்தது. மகனைக் கூப்பிட வழியில்லை. பம்ப் நின்ற சில மணி நேரத்தில் மீன்கள் எல்லாம் மேலே வந்து, தண்ணீரின் விளிம்பில் வாயைத் திறந்து திறந்து மூடின.

காற்றுக்குத்தான் தவிக்கின்றன என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே புரிந்தது. சொம்பை எடுத்தார். தொட்டித் தண்ணீரை மொண்டு, ஒரு முழம் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றினார். டீ ஆற்றுவது போலத்தான். தண்ணீர் தெறித்து விழும்போது காற்று கலக்கும். கால் மணிக்கு ஒரு முறை அவர், அவர் அசந்தால் கணவர், மாற்றி மாற்றி இரவு முழுக்க மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஆற்றினார்கள். மீன்பாடு ஒருபுறம் இருக்க, வீட்டில் குடிக்கத் தண்ணீர் அளந்துதான் இருந்தது. அந்த நிலையிலும் டிரம்மில் பிடித்து வைத்திருந்த போர் தண்ணீரில் இரண்டு வாளி தொட்டிக்குப் போனது. தீனியை அடியோடு நிறுத்தினார். வளர்ந்த மீன் சில நாள் பட்டினி தாங்கும். அழுகும் தீனியைத்தான் தாங்காது.

கரன்ட் வந்தபோது நாற்பத்தொரு மீன்கள் செத்திருந்தன. வாங்கி வந்த பத்தில் கறுப்பு மோலி இரண்டும் போய்விட்டன. எல்லாவற்றையும் பால்கனி மல்லிகைத் தொட்டியில் புதைத்தார். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘41’ என்று எழுதி வைத்தார். அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை.

ஏரியில் விட்டால் புண்ணியமா?

பொங்கலுக்கு மகன் வந்தான். தொட்டியைப் பார்த்து, “சூப்பர்மா, இத்தனை வளர்த்திருக்கியே!” என்றான். அம்மாவுக்குக் கோபம் வந்தது.

“உன் ஆசைக்கு வாங்கிட்டு என் தலையில கட்டிட்டுப் போயிட்ட. நாப்பத்தியொண்ணு செத்துது. தெரியுமா உனக்கு?”

மகன் பதில் பேசவில்லை. மறுநாள் பாலிதீன் பையில் முப்பது மீன்களோடு கொளத்தூர் போனான். கலப்பு கப்பிக்கு விலை கிடையாது என்றார்கள் இரண்டு கடைகளில். மூன்றாவது கடையில், பெரிய மீன்களுக்குத் தீனியாக வேண்டுமானால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். பையோடு திரும்பி வந்தான்.

கணவர் ஒரு வழி சொன்னார். “பக்கத்துலயே ஏரி இருக்கு. கொண்டு போய் விட்டுடலாம். உயிரைக் காப்பாத்தின புண்ணியமும் உண்டு.”

நம்மில் பலருக்கும் தோன்றுவது இதுதான். நல்ல மனதோடுதான் தோன்றுகிறது. ஆனால், இந்த மீன்களுக்கு அது விடுதலை இல்லை. ஏரிக்கும் நல்லது இல்லை. பளபளக்கும் நீள வாலோடு வேகமாக நீந்த முடியாதவற்றை விராலும் மீன்கொத்தியும் முதல் வாரமே பார்த்துக்கொள்ளும். தப்பிப் பிழைப்பவை பெருகும். ஒரே ஒரு சினை கப்பி போதும், ஒரு குளத்தில் புதுக் கூட்டத்தைத் தொடங்க. பெருகினால் நம் ஊர்ச் சிறு மீன்களின் இரையிலும் இடத்திலும் பங்குக்கு நிற்கும்.

இதற்கு முன்னுதாரணங்கள் இருக்கின்றன. கப்பிக்குச் சொந்தக்கார மீனான கம்பூசியாவை, கொசுப் புழுவைத் தின்னும் என்று உலகமெங்கும் கொண்டுபோய் விட்டார்கள். இந்தியாவுக்கும் 1928-ல் அது வந்தது. இன்று உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் அது இருக்கிறது. தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று ‘டேங்க் கிளீனர்’ என்ற பெயரில் விற்கப்படும் சக்கர் மீன், அளவுக்கு மீறி வளர்ந்ததும் யார் யாரோ விட்டதில், இப்போது தமிழ்நாட்டு ஏரிகளில் மீனவர் வலையில் மாட்டுகிறது. சுகாதாரத் துறை கொசு ஒழிப்புக்காகக் கிணறு, தொட்டிகளில் கப்பி விடுவது வேறு கணக்கு. அவரவர் வீட்டுத் தொட்டி நிறைந்துவிட்டது என்று ஏரியில் கவிழ்ப்பது வேறு கணக்கு.

மகன் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அப்பா கேட்டார்: “அப்ப என்னதான் பண்றது?”

அம்மாதான் பதில் சொன்னார். “ஆம்பளைய ஒரு பக்கம், பொம்பளைய ஒரு பக்கம் பிரிச்சுடுவோம்.”

இரண்டு தொட்டிகள்

ஒன்றரை அடியில் இரண்டாவது தொட்டி வந்தது. இந்த முறை ஆறு வாரம் காத்திருக்கவில்லை. பழைய தொட்டியின் ஸ்பாஞ்சில் பாதியை வெட்டிப் புது ஃபில்டரில் வைத்தார்கள். ‘உறை ஊத்தியாச்சு’ என்றார் அம்மா.

ஆண், பெண் பிரிப்பது பழகினால் எளிது. கப்பியில் ஆண் சிறியது, நிறம் மிகுந்தது, வால் விரிந்தது. எல்லா வகைக்கும் பொதுவான அடையாளம் வயிற்றுக்கு அடியில் பின்புறம் இருக்கும் துடுப்பு. பெண்ணுக்கு அது விசிறி போல் இருக்கும். ஆணுக்குக் குச்சி போல் மெலிந்து நீண்டிருக்கும். கப்பிக் குட்டியில் மூன்று நான்கு வாரத்திலேயே வித்தியாசம் தெரியத் தொடங்கும். அந்த வாரத்தைத் தவறவிட்டால் அடுத்த தலைமுறை தொடங்கிவிடும்.

பிரித்த பிறகும் பெண் தொட்டியில் குட்டிகள் வந்துகொண்டே இருந்தன. பிரித்ததில் ஏதோ ஓர் ஆண் தப்பிவிட்டது என்று நினைத்து அவர் இரண்டு நாள் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினார். ஒன்றும் இல்லை. ஒரு முறை சேர்ந்த ஆணின் உயிரணுக்களைப் பெண் மீன் பல மாதம் உடலுக்குள் சேமித்து வைத்துக்கொள்ளும். ஆண் வாசனையே இல்லாமல் அடுத்தடுத்துக் குட்டி போடும். ஏப்ரல் வரை அது ஓயவில்லை.

அந்த மாதங்களில்தான் அவர் ஒரு முடிவு எடுத்தார். பெண் தொட்டியிலிருந்த செடியில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார். பிறக்கும் குட்டிகளில் மிஞ்சுபவை சிலதான் என்று தெரிந்தே எடுத்தார். முதல் குட்டியைப் பார்த்த நாளில் சாப்பாடு இறங்காத அதே அம்மா இவர். ஒரு குட்டி கூடச் சாகக் கூடாது என்று நினைத்தபோது நாற்பத்தொன்று மூச்சு முட்டிச் செத்தன. இருக்கிற இடத்துக்கு எத்தனை உயிர் என்பதை யாராவது முடிவு செய்தாக வேண்டும். ஓடையில் அதை விராலும் வெள்ளமும் செய்கின்றன. கண்ணாடித் தொட்டியில் அது வளர்ப்பவர் வேலை. செடியை எடுத்த அன்று இரவு அவர் ஹாலில் விளக்கை வழக்கத்தைவிடச் சீக்கிரம் அணைத்தார்.

இன்னொன்றையும் கவனித்தார். மகன் வாங்கி வந்த ஆண் கப்பிகள் நீலத்தில் பெரிய விசிறி வாலோடு இருந்தன. நான்காம் தலைமுறைப் பேரன்களில் ஒன்றுக்கும் அந்த வால் இல்லை. உடம்பெங்கும் புள்ளி புள்ளியாக ஆரஞ்சு, பச்சை, கறுப்பு. கடையில் பார்க்கும் நிறமெல்லாம் தேர்ந்தெடுத்து ஜோடி சேர்த்து வளர்ப்பவர்கள் கொண்டுவந்தது. அவர்கள் கை விலகினால் மீன் தன் பழைய உருவத்தைத் தேடிப் போகும்.

அந்தப் பழைய உருவமும் சும்மா வந்ததில்லை. 1970-களில் ஜான் எண்ட்லர் என்ற விஞ்ஞானி டிரினிடாட் ஓடைகளில் கப்பிகளை ஆராய்ந்தார். வேட்டை மீன்கள் மிகுந்த இடத்தில் ஆண் கப்பிகள் மங்கலாக இருந்தன. எதிரி குறைந்த இடத்தில் நிறம் மிகுந்து இருந்தன. ஆபத்தான இடத்திலிருந்து சிலவற்றை எடுத்து, எதிரி குறைந்த ஓடையில் விட்டார். சுமார் இரண்டு ஆண்டுகளில் அவற்றின் சந்ததி பளிச்சென்று மாறியிருந்தது. பரிணாமம் கண்ணெதிரே நடப்பதற்கு உதாரணமாக 1980-ல் வெளியான அந்த ஆய்வு இன்றும் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. டீ, வடை விலை மீனுக்குள் அவ்வளவு இருக்கிறது.

போன இடம்

மிஞ்சியவற்றை யாருக்காவது கொடுக்க வேண்டும். பால் கணக்கு நோட்டில் ‘41’ என்று எழுதியிருந்த பக்கத்தைத் திருப்பி, அடுத்த பக்கத்தில் ‘போன இடம்’ என்று தலைப்பு போட்டார். இரண்டாம் மாடி வீட்டுக்கு ஆறு. தெருமுனை மளிகைக் கடைக்காரரின் பேத்திக்கு நான்கு. பக்கத்துப் பள்ளியின் அறிவியல் டீச்சர் கேட்டதில் பத்து. அதற்கு மட்டும் ஆணும் பெண்ணும் சேர்த்துக் கொடுத்தார், பிள்ளைகள் பிரசவம் பார்க்கட்டும் என்று.

சும்மா கொடுப்பதில்லை. முதலில் தொட்டி வாங்கி, அவர் தரும் ஸ்பாஞ்சு துண்டைப் போட்டுத் தண்ணீர் நிரப்பி வைக்க வேண்டும். அதில் முதலில் ஒன்றிரண்டுதான். அவை நன்றாக இருந்தால்தான் அடுத்தவை. உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் விடுவேன் என்பவர்களுக்கு இல்லை. கடைசி நிபந்தனை: வளர்க்க முடியவில்லை என்றால் ஏரியிலோ கிணற்றிலோ விடக் கூடாது, அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அப்படி ஒரு வீட்டிலிருந்து மூன்று திரும்பியும் வந்தன. ‘போன இடம்’ பக்கத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, ‘வந்தாச்சு’ என்று எழுதிக்கொண்டார்.

இப்போது பெரிய தொட்டியில் பெண் மீன்கள் பதினெட்டு, சின்னதில் ஆண் மீன்கள் பன்னிரண்டு. கரன்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று அலமாரியில் இருக்கிறது. பழக்கத்துக்குச் சொம்பும் பக்கத்திலேயே இருக்கிறது.

சென்ற தீபாவளிக்கு வந்த மகன், பெங்களூர் ரூமில் ஒரு தொட்டி வைத்திருப்பதாகச் சொன்னான். தண்ணீர் ஊற்றி எத்தனை நாள் ஆகிறது, ஃபில்டர் எது, மூடி இருக்கிறதா என்று அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். ஊருக்குக் கிளம்பும் அன்று காலை, பாதி தண்ணீரும் பாதி காற்றுமாக இரண்டு பைகளில் ஐந்து கப்பிகளைக் கட்டி, ஈர ஸ்பாஞ்சு துண்டோடு கொடுத்தார். அவன் வெளிச்சத்தில் பையைத் தூக்கிப் பார்த்தான்.

“எல்லாமே ஆணா இருக்கும்மா. ஒரு பெண் மீன்கூட வைக்கலையா?”

“வெச்சா மாசா மாசம் குட்டி போடும். அங்க யாருடா பார்த்துப்பா?” என்றார் அம்மா. “முதல்ல இந்த அஞ்சை ஒரு வருஷம் காப்பாத்து. அப்புறம் பார்க்கலாம்.”